லைசென்ஸ் வேறு, லோட் வேறு: வெளிநாட்டு ஆயுத ரிப்போர்ட்டை நம் ஊர்க் கணக்கோடு வைத்து வாசிப்பது எப்படி

2006 இலிருந்து 2009 வரை, இலங்கையில் கடைசிப் போர் நடந்த காலத்தில், நான் திருகோணமலையில் ஒரு நிவாரண அமைப்பின் ஸ்டோரில் இருந்தேன். அரிசி, பருப்பு, தறப்பாள், வாளி, நுளம்பு வலை, இவைதான் என் உலகம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பொறுப்பாக இருந்த அண்ணை சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: கொழும்பிலிருந்து வருகிற தாளைப் பார்த்துக் கையெழுத்து வைக்காதே, லொறியின் பின்கதவைத் திறந்து எண்ணிப் பார்த்து வை. லொறியோடு வருகிற சரக்குத் தாளான வேபில்லில் 600 மூட்டை என்று இருக்கும், இறக்கினால் 587 இருக்கும். மிச்சம் 13 எங்கே என்று டிரைவரிடம் எழுதி வாங்காமல் லொறியை விட்டால் அந்த 13-உம் நம் தலையில்தான்.

அந்தப் பழக்கம் எனக்குப் பின்னால் வேறொரு இடத்தில் கைகொடுத்தது. ஊரில் சட்டமும் ஊடகமும் படிக்கிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, "அண்ணை, எங்கட சண்டைக்கு எந்த நாடு என்ன குடுத்தது எண்டு எங்க பாக்கிறது?" என்று கேட்பார்கள். ஒன்லைனில் கிடக்கிற வெளிநாட்டு ஆயுத ஏற்றுமதி ரிப்போர்ட்டை எல்லாம் இறக்கி வைத்திருப்பார்கள், ஆனால் பத்தாம் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

முதலில் லப்டொப்பை மூடி வையுங்கள். ஒரு கொப்பியை எடுத்து நம் ஊர்க் காலண்டரை எழுதுங்கள். திகதி ஒரு பக்கம், இங்கே நடந்தது ஒரு பக்கம், நிவாரணம் வந்ததோ நின்றதோ இன்னொரு பக்கம். 2006 ஜூலைக் கடைசியில் மாவிலாற்று அணைக் கதவு மூடப்பட்டு விமானத் தாக்குதல் தொடங்கியது. ஓகஸ்ட் முதல் வாரம் மூதூர்ச் சண்டை, முஸ்லிம் சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்தது, தமிழ்ச் சனம் வெருகல் தாண்டி வாகரைப் பக்கம் போனது. ஓகஸ்ட் 4 ஆம் திகதி மூதூரில் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு அமைப்பின் பணியாளர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள், 16 தமிழர், ஒரு முஸ்லிம். செப்டெம்பர் முதல் வாரம் சம்பூரை இராணுவம் பிடித்தது. இதெல்லாம் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள், திகதியோடு எழுதுங்கள். லண்டனில் அச்சடித்த ஆயுத ஏற்றுமதி லைசென்ஸ் (அனுமதி) அட்டவணையில் "மூன்றாம் காலாண்டு, 2006" என்று ஒரு வரி இருக்கும். அது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. இந்தக் கொப்பி கையில் இல்லாதவனுக்கு அது வெறும் எண். கொப்பி இருந்தால் அந்த ஒரு வரிக்குள் மாவிலாறும் மூதூரும் சம்பூரும் இருக்கிறது தெரியும்.

அடுத்தது சொல். நம் சனம் பேசுகிற பேர் எதுவும் அந்தத் தாள்களில் இருக்காது. குண்டு போடுகிற ஜெட்டைக் கிபிர் என்போம், கடற்படையின் வேகப் படகை டோரா என்போம், பல குழல் ரொக்கெட்டை மல்டிபரல் என்போம். அங்கே இருப்பது இராணுவப் பட்டியல் என்கிற எண்வரிசை, எம்எல் 1, எம்எல் 3 என்று போகும். பல நாடுகள் ஏறக்குறைய ஒரே எண்களைத்தான் பயன்படுத்துகின்றன, ஆகவே ஒரு தடவை மனதில் ஏற்றினால் போதும். எம்எல் 1 கையில் தூக்கிச் சுடுகிற சிறு ஆயுதம், 3 வெடிமருந்து ரவைகள், 4 குண்டு, ரொக்கெட் வகை, 6 தரை வாகனம், 9 கடற்கலம், 10 விமானம், 13 கவசச் சட்டை, தலைக்கவசம். நம்முடைய டோரா எம்எல் 9-க்குள் போய் ஒளிந்துகொள்ளும், அதுவும் முழுப் படகாக இல்லாமல் "கடற்கல உதிரிப்பாகம்" என்று. உதிரிப்பாகம் என்ற சொல்லைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். படகு ஒரு தடவை வந்தால் போதும், பாகம்தான் பத்து வருடம் ஓட வைக்கிறது. எங்கள் வீட்டு மோட்டர் சைக்கிளுக்கே அதுதான் கதை.

கிபிரையே எடுங்கள். செய்து விற்றது இஸ்ரேல். ஆனால் அதன் இஞ்சின் அமெரிக்காவின் ஜே79. அதனால் இன்னொரு நாட்டுக்கு விற்க அமெரிக்காவின் சம்மதமும் வேண்டும். ஆக "யார் கொடுத்தது" என்ற கேள்விக்கு ஒரு விமானத்துக்கே இரண்டு நாட்டில் பைல் இருக்கும். டோராவும் இஸ்ரேலியப் பெயர்தான். மிக்-27 போர் விமானம் உக்ரேனிலிருந்து வந்தது, எஃப்-7 போர் விமானம் சீனாவிலிருந்து.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சீனா, இஸ்ரேல், பாகிஸ்தான் போன்ற நாடுகள் எந்த லைசென்ஸை யாருக்குக் கொடுத்தோம் என்று பாராளுமன்றத்தில் வைத்து, ஊருக்குத் தெரியும்படி வாதாடுவது கிடையாது. பிரித்தானியா வைக்கிறது, ஐரோப்பிய நாடுகள் பலவும் வைக்கின்றன, அமெரிக்கக் காங்கிரஸ் தன் வழியில் கேட்கிறது. அதனால் பிரித்தானிய பைல் தடிப்பாக இருப்பதைப் பார்த்து, அவர்கள்தான் நிறையக் கொடுத்தார்கள் என்ற முடிவுக்குப் போகக்கூடாது. கணக்கு எழுதுகிற கடையில்தான் கணக்குப் பிழையைப் பிடிக்க முடியும். எழுதாத கடைக்காரன் நல்லவன் என்று அர்த்தமில்லை.

சரி, பிரித்தானியாவில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் எந்தத் தாளை எங்கே தேடுவது என்று விளங்கும். ஈராக்குக்கு ஆயுத விவகாரத்தில் அரசாங்கம் பாராளுமன்றத்துக்கு உண்மையைச் சொல்லவில்லை என்று 1996 இல் ஸ்கொட் விசாரணை அறிக்கை வந்தது. அந்தச் சூட்டில்தான் 1997 ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வருடாந்த ஏற்றுமதி ரிப்போர்ட், பிறகு 2002 இல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2004 இலிருந்து காலாண்டு ரிப்போர்ட். 1999 இல் பாதுகாப்பு, வெளிவிவகாரம், சர்வதேச அபிவிருத்தி, வர்த்தகம் என்று நாலு கமிட்டிகள் ஒன்றாக உட்கார்ந்து இதை மட்டும் பார்க்கத் தொடங்கின. 2008 இல் அதற்கு ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் கமிட்டிகள் என்று பெயர் மாறியது. 2024 இல் அந்த அமைப்பைக் கலைத்து வேலையை வர்த்தகக் கமிட்டியிடம் ஒப்படைத்துவிட்டார்கள், ஆகவே பழையதைப் பழைய பெயரிலும் புதியதை வணிக வர்த்தகக் கமிட்டி என்ற பெயரிலும் தேட வேண்டும். பெயர் மாறினது தெரியாமல் "2024-க்குப் பிறகு ஒன்றுமே இல்லை" என்று ஒரு பிள்ளை எனக்கு வட்சப்பில் போட்டிருந்தது.

எதை வைத்து லைசென்ஸ் கொடுப்பது, மறுப்பது என்பதற்கு எட்டு அளவுகோல்கள் இருக்கின்றன. 2000 ஒக்டோபரில் வந்தது, 2014 இலும் 2021 இலும் திருத்தினார்கள். எட்டையும் பாடமாக்கத் தேவையில்லை. இரண்டாவது மனித உரிமை, மூன்றாவது வாங்குகிற நாட்டுக்குள் நடக்கிற சண்டை, ஏழாவது சாமான் வேறு கைக்குத் திரும்புகிற அபாயம், எட்டாவது வாங்குகிற நாட்டின் பொருளாதாரம் இதைத் தாங்குமா என்பது. நமக்கு முக்கியமான இரண்டாவதில் "தெளிவான ஆபத்து" என்ற இரண்டு சொல் இருக்கிறது. அடக்குமுறைக்குப் பயன்படக்கூடும் என்ற தெளிவான ஆபத்து இருந்தால்தான் மறுக்க வேண்டும். ஆபத்து இருந்தால் மட்டும் போதாது, தெளிவாகவும் இருக்க வேண்டும். அதிகாரிகள் முழுக் குதிரையையும் அந்தத் "தெளிவான"வில்தான் ஓட்டுவார்கள். கமிட்டிக் கூட்டக் குறிப்பை வாசிக்கும்போது அந்தச் சொல் வருகிற இடத்துக்கெல்லாம் கோடு போடுங்கள். "அன்றைக்கு நம்மிடம் இருந்த தகவலின்படி" என்பது அதனுடைய தம்பி, அதற்கும் கோடு.

இலங்கையைப் பற்றி அந்தக் கமிட்டிகளின் அறிக்கை வந்தது 2009 ஓகஸ்டில். சண்டை முடிந்தது மே மாதம். நாட்டின் நிலைமை மாறிக்கொண்டே போகும்போது முன்பு கொடுத்த லைசென்ஸை என்ன செய்வது என்பதற்கு இலங்கையை உதாரணமாகக் காட்டி, இருக்கிற எல்லா லைசென்ஸையும் திரும்பப் பாருங்கள், பிரித்தானியா கொடுத்த ஆயுதம், ரவை, உதிரிப்பாகம் எவை அந்தச் சண்டையில் பயன்பட்டன என்று மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். நல்ல கேள்விதான். மூன்று மாதம் பிந்திய கேள்வி. இதை நான் நக்கலுக்குச் சொல்லவில்லை. இந்த வகைக் கண்காணிப்பு அநேகமாகப் பின்னால்தான் வரும், லைசென்ஸ் கொடுக்கிற மேசையில் எம்பி யாரும் உட்காருவதில்லை. அதனால் இந்தத் தாள்களில் தடுத்த கதையைத் தேடாமல், தெரிந்தவர்கள் எப்போது தெரிந்துகொண்டார்கள் என்பதைத் தேடுங்கள். நான் கொப்பியில் திகதி எழுதச் சொன்னது அதற்காகத்தான்.

இனி அட்டவணைக்குள் போவோம். நான் முதல் தடவை போனபோது நன்றாக விழுந்து எழும்பினேன். இலங்கை என்று போட்டு வந்த பவுண் தொகையை எல்லாம் கூட்டி ஒரு கட்டுரை எழுதி, ஒரு பத்திரிகையில் வந்தும் விட்டது. இரண்டாம் நாள் லண்டன் ஹரோவில் இருக்கிற மச்சான் போன் எடுத்து, "டேய், நீ மறுத்ததையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறாய்" என்றான். பார்த்தால் உண்மை. அதைவிட மோசம், லைசென்ஸ் கொடுத்த தொகையைச் சாமான் வந்த தொகை என்று எழுதியிருந்தேன், ஸ்டோர்க்காரனாக இருந்துகொண்டு.

தனி லைசென்ஸ் என்று ஒன்று உண்டு, குறிப்பிட்ட சாமான், குறிப்பிட்ட ஆள், ஒரு தொகை, பொதுவாக இரண்டு வருடம் செல்லும். அதில் உள்ள தொகை கம்பனி விண்ணப்பத்தில் எழுதியது. அவ்வளவும் போயிருக்கலாம், பாதி போயிருக்கலாம், ஒன்றுமே போகாமலும் இருக்கலாம். திறந்த லைசென்ஸ் என்று இன்னொன்று. அது பல தடவை அனுப்பலாம், தொகை வரம்பே இருக்காது, ஆகவே அட்டவணையில் பவுண் கணக்கு எதுவும் காட்டாது. மேலோட்டமாகப் பார்க்கிறவன் அதைச் சைபர் என்று நினைப்பான். உண்மையில் கவனிக்க வேண்டியது அதைத்தான். பிறகு கொடுத்தது, மறுத்தது, ரத்துச் செய்தது மூன்றும் வேறு வேறு. ரத்துச் செய்தது என்றால் முன்னால் ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த நாளைத் தேடிப் பிடியுங்கள்.

அடிக்குறிப்பை வாசிக்காமல் எதையும் எழுதாதீர்கள். எம்எல் 13-இல் கவசச் சட்டை என்று கண்டவுடன் இராணுவத்துக்கு என்று எழுதிவிடுவோம். அது கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ, ஐநா ஆட்களுக்கோ, தூதரகத்துக்கோ போனதாக இருக்கலாம், அடியில் சின்ன எழுத்தில் சொல்லியிருப்பார்கள். நிவாரணத்துக்குப் போன கவசமும் ஆயுதக் கணக்கில்தான் பதிவாகும். அதேபோல 2010-க்குப் பிறகு இலங்கையின் பேரில் துப்பாக்கி லைசென்ஸ் கூடுவதைக் காண்பீர்கள். அதில் பெரும் பங்கு சோமாலியக் கடற்கொள்ளைக்காக வணிகக் கப்பலில் ஏறுகிற தனியார் காவலர்களுக்கானது, காலித் துறைமுகம் அவர்கள் ஆயுதம் ஏற்றி இறக்குகிற இடமாக இருந்தது. அதை எடுத்துப் போர் முடிந்த பிறகும் இராணுவத்துக்குக் கொடுத்தார்கள் என்று எழுதினால், அந்த ஒரு பிழையைக் காட்டியே மிச்ச எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

ஸ்டொக்ஹோமில் இருக்கிற சிப்ரி நிறுவனத்தின் தரவுத்தளத்தையும் பாருங்கள், 1950 இலிருந்து எந்த நாடு எந்த நாட்டுக்கு என்ன கொடுத்தது என்று வரும், கொடுத்த வருடமும் வரும். பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டாத நாடுகளும் அதில் சிக்கும். இரண்டே இரண்டு கவனம்: அது பெரிய ஆயுதங்களை மட்டும்தான் கணக்கெடுக்கும், துப்பாக்கி, ரவை எதுவும் இருக்காது. அதில் வருகிற "மில்லியன்" பணம் இல்லை, ஆயுதத்தின் வலுவை ஒப்பிட அவர்கள் வைத்திருக்கிற ஒரு அலகு. அதை டொலராக எழுதி நான் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன்.

ஆயுதப் பக்கம் இவ்வளவு. நிவாரணப் பக்கத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும், அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஒரு நாட்டு அமைச்சர் எழும்பி, இலங்கை மக்களுக்கு இத்தனை மில்லியன் கொடுக்கிறோம் என்பார். அது வாக்குறுதி. பிறகு ஒப்பந்தம் எழுதுவார்கள். அதற்கும் பிறகுதான் காசு வரும். ஐநாவின் மனிதாபிமான அலுவலகம் நடத்துகிற நிதிக் கண்காணிப்புத் தளத்தில் இந்த மூன்றையும் பிரித்துத்தான் காட்டுகிறார்கள், நீங்கள் "கொடுக்கப்பட்டது" என்ற நிலையை மட்டும் எடுங்கள். ஆனால் அதுவும் கொழும்பு வரைதான். கொழும்பில் அரிசி இருந்தது, வன்னிக்குப் போகிற ஓமந்தைச் சோதனைச் சாவடியில் லொறி நின்றது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. 2008 செப்டெம்பரில் ஐநாவையும் மற்ற அமைப்புகளையும் வன்னியை விட்டு வெளிக்கிடச் சொன்ன பிறகு, காசு எவ்வளவு வந்தது என்பதைவிட எத்தனை லொறி உள்ளே போனது என்பதுதான் கேள்வி. அதற்கு ரிலீஃப்வெப் தளத்தில் அந்தக் காலத்து நிலைமை அறிக்கைகள் கிடக்கின்றன, ஆறு மாவட்டத்துக்குமாக வந்த கூட்டு அறிக்கைகளும், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் அறிக்கைகளும். திகதியைப் போட்டுத் தேடினால் வரும்.

2009 பெப்ரவரி 10 ஆம் திகதி சண்டைக்குள் இருந்த புதுமாத்தளனிலிருந்து முதல் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. கிரீன் ஓஷன். செஞ்சிலுவைக் கொடி. கப்பல் அங்கே கரைக்குக் கிட்டப் போக முடியாததால் காயக்காரரைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கடலில் வைத்துத்தான் மாற்றினார்கள், அந்த முதல் நாளில் ஏறக்குறைய 240 பேர். எங்கள் ஸ்டோரிலிருந்து பாயும் பெட்ஷீட்டும் சவர்க்காரமும் ஆஸ்பத்திரிக்குப் போனது, நானும் லொறியில் போனேன். ஒருவருடைய சட்டையில் ஒரு துண்டு அட்டை குத்தியிருந்தது, பெயரும் காயமும் பேனையால் எழுதினது. கடல் தண்ணி பட்டு நீலமாகப் பரவி, பெயர் போய் "இடது கால்" மட்டும் மிஞ்சியிருந்தது. வார்டில் நின்ற தங்கச்சி என்னிடம் பேனை வாங்கி, அவரிடமே கேட்டுப் பெயரைத் திரும்ப எழுதினாள்.

மார்ச் நடுவிலிருந்து கப்பல்கள் புல்மோட்டைக்குத் திரும்பின, அங்கே இந்திய மருத்துவக் குழு இருந்தது. மே 9-க்குப் பிறகு கப்பல் போக முடியவில்லை. அந்த மூன்று மாதத்தில் காயக்காரரும் கூட வந்தவர்களுமாக ஏறக்குறைய 14,000 பேர். அவர்கள் வந்த கப்பல்கள் போகும்போது திருகோணமலையிலிருந்து உணவும் மருந்தும் கொண்டுபோயின. இந்தத் திகதிகளை உங்கள் கொப்பியின் நிவாரணப் பக்கத்தில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் அதே காலாண்டில் எந்தெந்த லைசென்ஸ் உயிரோடு இருந்தது என்று எழுதிப் பாருங்கள். அந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எந்த அமைச்சுக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆயுதத்தை ஒரு மேசை பார்க்கும், அரிசியை இன்னொரு மேசை பார்க்கும்.

யெமன் விஷயத்தில் இதுதான் பகிரங்கமாக வெடித்தது. யெமன்மேல் குண்டு போட்ட சவூதிக்குப் பிரித்தானியா ஆயுதம் விற்றது, அதே யெமனுக்கு நிவாரணமும் கொடுத்தது. 2016 செப்டெம்பரில் வர்த்தகக் கமிட்டியும் அபிவிருத்திக் கமிட்டியும் விற்பனையை நிறுத்தச் சொன்னன, வெளிவிவகாரக் கமிட்டி தனியாக வேறொரு அறிக்கை போட்டது. ஒரே கூட்டுக் கமிட்டி இரண்டாகப் பிளந்த கதை. 2019 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நடந்து முடிந்த மீறல்களை மதிப்பிடாமல் லைசென்ஸ் கொடுத்தது சட்டப்படி பிழை என்றது. 2020 இல் திரும்ப லைசென்ஸ் தொடங்கியது, 2023 இல் இரண்டாவது வழக்கு தோற்றது. நமக்கு இதில் எடுக்க வேண்டியது 2019 தீர்ப்பின் அந்த ஒரு வரி: முன்பு நடந்ததை மதிப்பிட வேண்டும். முன்பு நடந்தது என்பது உங்கள் கொப்பிதான்.

பிறகு கேட்பது எப்படி? பிரித்தானியத் தகவல் சட்டத்தில் உலகத்தில் எங்கிருந்தும் யாரும் கேட்கலாம், ஈமெயில் போதும், 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். "இலங்கைக்கு ஆயுதம் விற்றீர்களா" என்று கேட்டால் ரிப்போர்ட்டின் லிங்கை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். "2006 ஜூலை முதல் 2007 மார்ச் வரை எம்எல் 9, எம்எல் 10 பிரிவுகளில் இலங்கைக்கு வந்த விண்ணப்பங்களில் எத்தனை கொடுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, ரத்தானது, மறுப்புக்கு எந்த அளவுகோல்" என்று கேளுங்கள். ஒடுக்கமாகக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு, தேடுகிற செலவு 600 பவுணைத் தாண்டும் என்றால் அதைச் சொல்லியே மறுக்கலாம். வெளியுறவுக்குப் பாதிப்பு, வணிக இரகசியம் என்று மறுத்தால் மறு ஆய்வு கேளுங்கள். லண்டனில் வாக்கு இருக்கிற மச்சானையோ மாமியையோ பிடித்து அவர்களின் எம்பி ஊடாக எழுத்துக் கேள்வி போட வைப்பது இதைவிட நல்லது, பதில் பாராளுமன்றப் பதிவில் நிற்கும். எங்கள் ஆட்கள் எம்பியோடு பொங்கலுக்குப் படம் எடுப்பதில் காட்டுகிற அக்கறையில் கால்வாசி இதில் காட்டினால் போதும்.

இங்கே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் சட்டம் இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாளில் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பாதுகாப்புப் பக்கம் கேட்டால் பாதுகாப்பு விலக்கைக் காட்டுவார்கள். கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலும் நிவாரணக் கணக்கைக் கேளுங்கள், எந்த முகாமுக்கு எந்த மாதம் எத்தனை குடும்பத்துக்கு உலர் உணவு என்று. அதை மறுக்க அவர்களுக்குச் சாட்டு இல்லை.

கமிட்டிக்கு நேரடியாகச் சாட்சியம் எழுதியும் அனுப்பலாம், விசாரணை திறந்திருக்கிற காலம் பார்த்து. சாட்சியத்துக்கு அங்கே பாராளுமன்றச் சிறப்புரிமை உண்டு, ஆனால் அந்தக் குடை திருகோணமலை மழையைத் தடுக்காது. நீங்கள் அனுப்பியதைக் கமிட்டி இணையத்தில் போட்டுவிடும். காயக்காரரின் பெயர், ஊர், ஜீஎஸ் (கிராம சேவகர்) பிரிவு எதையும் எழுதாதீர்கள். கேட்டால் காயக்காரர் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் அவர்களுக்கு நீங்கள் எழுதுவது எங்கே போய் நிற்கும் என்று தெரியாது.

கடைசியாக ஒன்று, இதற்கு அவசரம் உண்டு. அந்தக் காலத்தில் நிவாரண வேலை செய்த ஆட்களின் வீட்டில் வேபில் கொப்பிகள் இன்னும் கிடக்கின்றன, பரணில், சீமெந்துப் பைக்குள். மூன்றாவது தாள், கார்பன் நகல், அதுதான் நம்மிடம் தங்கினது. என்னிடம் இருந்த ஒன்றைப் போன மாதம் விரித்தேன், 2007-ஐ வாசிக்கலாம், 2006 ஏறக்குறையப் போய்விட்டது, வெயிலில் சரித்துப் பிடித்தால்தான் அழுத்தின தடம் தெரிகிறது. போனில் படம் எடுக்கும்போது பக்கவாட்டில் வெளிச்சம் விழ வையுங்கள், திகதியும் கையெழுத்தும் உள்ள மூலையைத் தனியாக இன்னொரு படம் எடுங்கள். மாரி தொடங்குவதற்கு முன் செய்யுங்கள், ஈரம் ஏறினால் தாள் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது எழுத்து மற்றத் தாளோடு போய்விடும்.